டீமேக்கர் ஐயா மிதித்த தூரம்

ஒரு மனிதரைப் பற்றிப் பேச எழுகின்றவன் முதலில் அவரது பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது மேடை மரபு. அம்மரபை நான் இங்கே மீறுகிறேன். வட்டவளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய பெயரை அறிந்தவர் மிகச் சிலர், உச்சரித்தவர் ஒருவரே. ஆண்டுக்கொருமுறை அவர் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது பூசகர் அப்பெயரைச் சொல்வார். மணிச் சத்தத்தில் அது எவர் காதிலும் விழாது. மற்ற நாட்களில் எல்லாம் அவர் டீமேக்கர் ஐயா. பறித்து வந்த கொழுந்தைத் தேயிலையாக்கி அனுப்பும் வரை தொழிற்சாலையில் நடக்கும் அனைத்துக்கும் அவரே பொறுப்பு.

உருண்டையான உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத ஒல்லிக் கால்கள், தேயிலைச் சாயம் ஏறிய மீசை. இவையெல்லாம் அவரைக் கண்டவுடன் தெரிபவை. அவரை அவராக ஆக்கிய குணமோ அவர் வாய் திறந்த பிறகே தெரியும். அவர் மனிதர்களுக்கு ரகம் சொல்வார்.

தேயிலைக்கு ரகம் பிரிப்பது அவருடைய தொழில். பி.ஓ.பி. என்பது உயர்ந்தது, டஸ்ட் என்பது தூள், எதற்கும் ஆகாமல் சல்லடையின் அடியில் ஒதுங்குவது கழிவுத்தூள். முப்பது ஆண்டுகள் இந்த மூன்றுக்கும் நடுவே வாழ்ந்தவருக்கு உலகத்தில் வேறு அளவுகோல் இருக்கக்கூடும் என்ற ஐயமே எழவில்லை. பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் உற்றுப் பார்ப்பார். "இது இன்னும் பச்சக் கொழுந்தும்மா. இப்ப ஒண்ணும் சொல்ல ஏலாது. வாடட்டும் பாப்போம்" என்பார். தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த தொரையைப் பற்றி, "நல்ல எலதான். ஆனா வாட்டம் போதல" என்றார். தொரை அதை எவ்வாறோ கேள்வியுற்றுத் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் வெயிலில் நடந்ததாகத் தொழிலாளர் லயங்களில் பேச்சு.

எனக்கும் ஒரு ரகம் கிடைத்தது. அதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையன்று. பதினேழாவது வயதில் ஹட்டனில் பாடசாலைகளுக்கிடையே நடந்த சொற்போரில் முதற்பரிசு பெற்றுத் திரும்பியிருந்தேன். மாரியம்மன் திருவிழா மேடையில் அப்பேச்சையே மீண்டும் நிகழ்த்தினேன். கரவொலி ஓய எவ்வளவு நேரமாயிற்று என்பதை அடக்கம் கருதி இங்கே குறிப்பிடவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் டீமேக்கர் ஐயா என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஒம் பேச்சு டஸ்ட்டு."

"ஐயா?"

"கொதிதண்ணி பட்டோன சட்டுனு சாயம் எறங்குது பாரு, அந்த மாதிரி. கண்ணுக்கு நல்லாருக்கு. ரெண்டாவது கோப்பைக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுமொழியாக எட்டு வாதங்கள் தோன்றின. எட்டும் அருமையானவை. மறுநாள் காலை அவற்றை ஒப்புவிக்கத் தொழிற்சாலைக்குச் சென்றபோதுதான், வாழ்வில் முதல் தடவையாக, ஒரு சைக்கிள் மேல்மாடியில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டும் மேல்மாடி அது. நீண்ட தொட்டிகள், ஒவ்வொரு தொட்டியின் தலைப்பிலும் ஆளுயரக் காற்றாடி. ஒரு காற்றாடிக்கு நேரெதிரே, தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிய கனத்த கறுப்புச் சைக்கிள். பின் ஸ்டாண்டைப் போட்டிருந்தமையால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழன்றது. அதன்மேல் பனியனும் வேட்டியை மடித்துக் கட்டிய கோலமுமாக டீமேக்கர் ஐயா. மீசை இரு கன்னங்களிலும் பின்னோக்கிப் படிந்திருந்தது.

"என்ன ஐயா இது?"

"எதுர்காத்து" என்றார், மிதிப்பதை நிறுத்தாமல்.

தொரையின் பங்களாவிலிருந்து கழித்துப் போட்ட ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டொன்று அவர் கைக்கு வந்திருந்தது. அதில் ஒரு கட்டுரை. எங்கோ ஒரு தீவில் மனிதர்கள் ஒரே நாளில் மூன்று போட்டிகளை அடுத்தடுத்துச் செய்து முடிக்கிறார்களாம். முதலில் கடலில் நீச்சல். கரையேறியதும் சைக்கிளில் நூற்றுப் பன்னிரண்டு மைல். மூன்றாவது என்ன என்பதைச் சொல்லவேண்டிய பக்கம் கிழிந்துபோயிருந்தது.

"அவனும் தீவு, நம்மளும் தீவு" என்றார். "அவன் செய்யிறத நம்ம செய்ய ஏலாதா?"

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்து என் எட்டு வாதங்களில் ஒன்றும் நிற்கவில்லை. அவை வேறு பொருளுக்காக ஆயத்தம் செய்யப்பட்டவை.

கிழிந்த பக்கம் தோட்டத்தை ஒரு மாதம் ஆட்டி வைத்தது. மூன்றாவது போட்டி மரமேறுதல் என்றார் காவற்காரர். சாப்பிடுதலாகத்தான் இருக்கும் என்றார் டீமேக்கர் ஐயாவின் மனைவி, கணவரை நம்பிக்கையோடு பார்த்தபடி. நான் ஹட்டன் வாசிகசாலையில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, அது ஓட்டம் என்றும், தூரம் இருபத்தாறு மைல் என்றும் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஓட்டமா? வேலப் பெரட்டுக்குப் பிந்துனவன் எல்லாம் தெனம் காலையில ஓடுறான். அதுக்கா இவ்வளவு பெருமை?"

"நீச்சல், ஐயா? உங்களுக்குத் தெரியுமா?"

"வட்டவளையில மழக்காலத்துல சைக்கிள் ஓட்டுறதே பாதி நீச்சல்தான். மொதல்ல சைக்கிள முடிப்போம்."

வட்டவளையின் மழையை அறிந்தவர் இதை மறுக்க மாட்டார்.

இனி அவருடைய பயிற்சி முறையைச் சொல்ல வேண்டும். நீண்ட தூரம் மிதிக்கப் பழகுவதற்கு உலகில் என்னென்ன முறைகள் உண்டோ நான் அறியேன். அவருக்கு ஒரே முறைதான் தெரியும். பச்சிலை நல்ல தேயிலையாவதற்கு வாட்டல், உருட்டல், புளித்தல், சுடல் என்று நான்கு படிகள் வேண்டும். மனித உடம்பும் பச்சையான பொருளே. ஆகவே அதற்கும் அவையே வேண்டும். காற்றாடிக்கு முன்னே மிதிப்பது வாட்டல். றொசல்லப் பக்கம் வளைவுகளில் ஏறி இறங்குவது உருட்டல். உருட்டிய கொழுந்தை ஈரத்தில் பரப்பி அசையாமல் விடுவதுபோல், சவாரி முடிந்ததும் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு புளிக்கவைக்கும் அறையின் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடப்பது புளித்தல். அப்போது யாரும் பேச்சுக் கொடுக்கலாகாது. இறுதியாக மீண்டும் சைக்கிளில் ஏறி, மூச்சு முட்ட ஒரு விரைவுச் சவாரி. அது சுடல்.

"அந்தப் புளித்தல் மட்டும் எதற்கு ஐயா? தூங்குவதுபோல்தானே இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு நோக்கினார். "தம்பி, உருட்டுன கொழுந்த நேரா அடுப்புல போட்டா என்ன வரும்? பச்ச நாத்தந்தான் வரும். பொறுமையா விட்டாத்தான் வாசம். ஒங்கிட்ட இல்லாதது அதுதான்."

சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறு மாதங்களில் அந்த உருண்டை உடம்பு கரைந்தது. ஹட்டன் ஏற்றத்தில் பஸ் ஒன்று திணறி நின்றபோது அவர் அதைக் கடந்து போனார். பஸ்ஸிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். சாரதிக்கு அவர் என்ன ரகம் கொடுத்தார் என்பதைச் சாரதி திரும்பச் சொல்ல மறுத்துவிட்டார்.

கேடு விளைந்ததும் அந்த ரகப் பேச்சால்தான். ஒருநாள் காலை, பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும் வேளையில், கண்டாக்கு ஐயா கொழுந்து மலைப் பெண்களைச் சத்தமிட்டு ஏசிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வெளிவேலைக்கு அவர்தான் அதிகாரி. உயரமான மனிதர், முழங்கால் வரை காலுறை. அவ்வழியே சைக்கிளில் வந்த டீமேக்கர் ஐயா ஒரு காலை ஊன்றி நின்று, தொரையும் கேட்க, நிதானமாகச் சொன்னார்:

"கண்டாக்கையா, நீங்க கழிவுத்தூளு."

பெண்கள் சிரித்தார்கள். கூடைகள் குலுங்கின. தொரை திரும்பிக்கொண்டு மலையைப் பார்த்தார். மலை அவ்வளவு நேரம் பார்க்கத்தக்க அழகோடு அன்று இருக்கவில்லை.

அன்று மாலையே கண்டாக்கு ஐயா தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். "ஐயா, ஒங்க வாய்க்கு ஒரு முடிவு கட்டணும். ஹட்டனுக்குப் போய்த் திரும்புறது நாலு நட. ஒரே நாள்ல. வெள்ளன ஆறுக்குத் தொடங்கி அந்திக்கு ஆறுக்குள்ள. முடிச்சிட்டீங்கன்னா நான் பெரட்டுல நின்னு ஒங்களுக்குக் கும்பிடு போடுறேன். முடிக்கலன்னா, இனி ஒரு மனுசப் பிறவிக்கும் நீங்க ரகம் சொல்லக்கூடாது. சாகுறவரைக்கும்."

டீமேக்கர் ஐயாவுக்கு வேறு பேச்சே கிடையாது என்பதைக் கூடியிருந்த அனைவரும் அறிவார்கள். வானிலை, அரசியல், உறவினர் நலம் எதைப் பற்றியும் அவர் பேசிக் கேட்டவரில்லை. அந்த நிபந்தனை ஏறக்குறைய அவரை ஊமையாக்குவது.

"சரி" என்றார்.

நடுவராக நான் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டேன். இரு தரப்பையும் சமமாக வெறுப்பவன் நான் ஒருவனே என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. உடன்படிக்கையை நானே எழுதினேன். ஐந்து பிரிவுகள். அவற்றுள் மூன்றாவது: "சவாரி செய்பவரையோ சைக்கிளையோ எவரும் தொடலாகாது, தொட்டால் சவாரி தோற்றதாகக் கொள்ளப்படும்." அதன் சொல்லமைப்பில் அன்று நான் மிகுந்த நிறைவு கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து பறிப்பு இல்லை. தொழிற்சாலை அடங்கிக் கிடந்தது. சரியாக ஆறு மணிக்கு அவர் புறப்பட்டார். ஹட்டனில் வெதுப்பகம் வைத்திருந்த சிங்கள முதலாளி ஒவ்வொரு நடைக்கும் ஒரு துண்டுக் கடதாசியில் கையொப்பமிட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் நடை முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்து அவர் வாசலில் இறங்கியபோது மணி ஒன்றே கால். இன்னும் ஒரு நடை. அதற்கு இரண்டரை மணி நேரம் போதும். வெற்றி கைக்குள் வந்துவிட்டது. கண்டாக்கு ஐயா காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

டீமேக்கர் ஐயா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

"எங்க ஐயா போறீங்க?" என்றேன்.

"உருட்டியாச்சு. இனிப் புளிக்கணும்."

"இன்றைக்குமா? நேராகப் போய் முடித்துவிடுங்கள்!"

"இன்னைக்குத்தான் முக்கியம்" என்றவர், ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சீமெந்துத் தரையில் மல்லாந்தார்.

"எத்தன மணிக்கு எழுப்பணும் ஐயா?" என்று காவற்காரர் கேட்டார்.

"தேயிலைய யாராவது எழுப்புவாங்களா? பக்குவம் வந்தா தானா மணக்கும்."

இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. பக்குவம் வரவில்லை; குறட்டை வந்தது. மூன்றே காலுக்குக் கூட்டம் கூடிவிட்டது. வாசற்படியில் நின்ற பெண்ணொருத்தி, அவரால் டஸ்ட் என்று தீர்ப்புச் சொல்லப்பட்டவள், "ஐயோ, யாராச்சும் தட்டி எழுப்புங்களேன்" என்றாள்.

கண்டாக்கு ஐயா விரலை உயர்த்தினார். "தொடக்கூடாது. எழுதியிருக்கு. என்னா நடுவரே?"

எழுதியிருந்தது. எழுதியவன் நான். தொடலாகாது, ஆனால் பேசலாகாது என்று எந்தப் பிரிவிலும் இல்லை. அத்தோட்டத்தில் பேசுவதற்கு என்னைவிடத் தகுந்தவன் யார்? நான் தலைமாட்டில் நின்று, தொண்டையைச் செருமி, பரிசு பெற்ற என் பேச்சைத் தொடங்கினேன்.

"விழித்தெழுவோம்! உறங்கிக் கிடந்த சமூகம் உயர்ந்ததாக வரலாறு உண்டா? எழுக! எழுக! எழுக!"

மூன்றாவது "எழுக" தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. காவற்காரரின் நாய் எழுந்து வெளியேறியது. கூட்டம் கைதட்டியது. டீமேக்கர் ஐயா ஒருக்களித்துப் படுத்து, இன்னும் ஆழமாக உறங்கினார். நான் தளரவில்லை. முன்னுரை, பொருளுரை, மூன்று மேற்கோள்கள், உச்சக்கட்டம், முடிவுரை என்று முப்பத்தைந்து நிமிடங்கள் பேசினேன். பாதியில் கண்டாக்கு ஐயாவே கொட்டாவி விட்டார்.

அப்போது டீமேக்கர் ஐயாவின் மனைவி கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "என்னா தம்பி, யாரோட சண்ட? லயத்துக்கே கேக்குது."

நிலைமையைச் சொன்னோம். அவர் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். கணவரைத் தொடவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்ததைச் சொல்லும் குரலில் சொன்னார்:

"என்னங்க, டிரையர் பக்கம் தீயுற வாட வருது."

சாக்கு எழுந்தது. அதற்குள்ளே இருந்த மனிதர் எழுந்ததை நாங்கள் காணவில்லை. கண்டபோது அவர் தேயிலை சுடும் டிரையரின் அருகே நின்று அதன் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. அவர் எங்களைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு கடந்து ஐந்து நிமிடம்.

"அடிப்பாவி" என்றார் மனைவியிடம், மிகுந்த அன்போடு. அடுத்த கணம் சைக்கிளில் இருந்தார். ஈரச் சாக்கை அவிழ்க்கவும் நேரமில்லை. அது முதுகில் படபடக்க, அவர் வளைவில் மறைந்தார்.

அவ்வளவு காலமும் அவர் தோற்பதைக் காணக் காத்திருந்த தோட்டம் அன்று மாலை தெருவோரத்தில் நின்றது. அவரால் டஸ்ட் ஆனவர்களும் கழிவு ஆனவர்களும் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஐந்து ஐம்பதுக்குக் கீழ் வளைவை எல்லோரும் பார்த்தார்கள். ஆறு மணி கடந்தது. பிறகுதான் அவர் தெரிந்தார். மழையும் சேறும் சாக்குமாக, வாயைப் பிளந்துகொண்டு.

"மிதிங்க ஐயா! மிதிங்க!" என்று கத்தியவர்களுள் முழங்கால் வரை காலுறை அணிந்த ஒருவரும் இருந்தார். பின்னர் அவர் அதை மறுத்தார்.

வாசலில் இறங்கி, பல்லில் கடித்திருந்த வெதுப்பக முதலாளியின் கடதாசியை எடுத்து என்னிடம் நீட்டினார். "மணி எத்தன?"

"ஆறு மணி ஆறு நிமிடம்" என்றேன். சொல்லிவிட்டு, நானே எதிர்பாராத வகையில், அவர் தரப்பில் வாதாடத் தொடங்கினேன். என் பேச்சு அவருடைய உறக்கத்தை ஆழமாக்கியது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. ஆகவே அது நடுவர் செய்த இடையூறு. முப்பத்தைந்து நிமிடங்களைக் கழிக்க வேண்டும். என் பேச்சுக்கு எதிராக நானே முன்வைத்த அந்த வாதமே என் வாழ்வின் மிகச் சிறந்த வாதம் என்று இன்றும் கருதுகிறேன். கண்டாக்கு ஐயாகூட, "சரி சரி, கழிச்சிருங்க, போகட்டும்" என்றார்.

டீமேக்கர் ஐயா தலையசைத்தார். "ஆறு நிமிசம் கூடப் புளிச்ச தேயிலைய நான் பொட்டியில போட விட்டிருக்கேனா? இல்ல தம்பி. பிந்துனது பிந்துனதுதான்."

அதன்பின் ஒருவருக்கும் அவர் ரகம் சொல்லவில்லை.

முதல் வாரம் தோட்டம் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாரத்தில்தான் உடன்படிக்கையின் உட்பொருள் மெல்ல விளங்கிற்று. அவர் இனிப் புதிய ரகம் சொல்ல மாட்டார் என்றால், ஏற்கனவே சொன்னதுதான் ஒவ்வொருவருக்கும் இறுதித் தீர்ப்பு. திருத்தம் இல்லை, மேன்முறையீடு இல்லை. டஸ்ட் ஆனவர் சாகும்வரை டஸ்ட். இதை முதலில் உணர்ந்தவர் கண்டாக்கு ஐயா. பெரட்டில் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார். பெண்களை "அம்மா" என்றார். தொழிற்சாலைப் பக்கம் அடிக்கடி வந்து, டீமேக்கர் ஐயாவின் முகத்தை ஆவலோடு பார்த்தார். அவரோ உதடுகளை இறுக்கிக்கொண்டு சல்லடையைப் பார்த்தார்.

உயர்தரப் பரீட்சை முடிந்து நான் தோட்டத்தை விட்டுப் புறப்படுவதற்கு முதல்நாள், விடைபெறுவதற்காக மேல்மாடிக்கு ஏறினேன். வெளியே பெருமழை. உள்ளே இரண்டு காற்றாடிகள் முழு வேகத்தில் சுழன்றன. இரண்டு தூண்கள், இரண்டு சைக்கிள்கள். முன்னதில் டீமேக்கர் ஐயா. பின்னதில், காலுறை நனைந்து தொங்க, கண்டாக்கு ஐயா.

"ரத்து பண்ணிட்டேன் ஐயா! நாந்தானே பந்தயம் கட்டுனேன், நானே ரத்து பண்ணிட்டேன்! ஒரே ஒரு வார்த்த! நான் இப்ப என்ன ரகம்?" என்று காற்றை மீறிக் கத்திக்கொண்டிருந்தார்.

டீமேக்கர் ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியின்மேல் குனிந்து, மிதியை அழுத்தி, நின்ற இடத்திலேயே வேகத்தைக் கூட்டினார். கண்டாக்கு ஐயாவும் பல்லைக் கடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே, அவரைத் துரத்தினார்.